துள்ளுமாரியில் ஆடு சாவது எதனால்? ஆய்வுக்கூடம் சொல்லும் உண்மை

மழை பெய்து காடு கரையெல்லாம் பச்சை கட்டியிருக்கும். ஆடுகள் வயிறு நிறைய மேய்ந்து பட்டிக்குத் திரும்பும். மறுநாள் விடியற்காலையில் பட்டியைத் திறந்தால், மந்தையிலேயே கொழுத்த குட்டி கால்களை விறைத்துக்கொண்டு செத்துக் கிடக்கும். முதல் நாள் மாலை வரை அதற்கு ஒரு குறையும் இல்லை. நோஞ்சான் குட்டி பிழைத்திருக்க, நன்றாகத் தின்று வளர்ந்த குட்டி சாவது ஏன்? ஆடு வளர்ப்போர் பலரும் என்னிடம் கேட்கும் கேள்வி இது.

சில ஆண்டுகளுக்கு முன் மானாவாரிப் பகுதிக் கிராமம் ஒன்றில் இந்தக் கேள்வி இரண்டு குடும்பங்களுக்குள் பெரும் சண்டையாகவே மூண்டுவிட்டது. அங்கே ஒரு பெரியவர் நாற்பது செம்மறி ஆடுகள் வைத்திருந்தார். மூன்றே நாட்களில் ஐந்து குட்டிகள் செத்துப்போயின. அதற்கு முந்தைய நாள்தான் மந்தை பக்கத்துக் காட்டுக்காரரின் கம்புக் கொல்லையில் புகுந்து மேய்ந்திருந்தது. அவரும் கோபத்தில் நாலு வார்த்தை பேசியிருந்தார். "பயிர்மேல் பூச்சிமருந்தைத் தெளித்து என் ஆட்டைக் கொன்றுவிட்டான்" என்று பெரியவர் பஞ்சாயத்தைக் கூட்டிவிட்டார். வேறு வேலையாக அந்த ஊருக்குப் போயிருந்த என்னிடம், "ஐயா, படிச்சவங்க நீங்க சொல்லுங்க, இது விஷம் வைக்காம வருமா?" என்று கேட்டார்.

"பெரியவரே, விஷம்தான். ஆனால் அதை வைத்தது மனிதனா, கிருமியா என்பதை நான் பார்த்துச் சொல்ல முடியாது. ஆய்வுக்கூடம்தான் சொல்ல வேண்டும்" என்றேன். கால்நடை மருத்துவரை வரவழைத்தோம். அன்று காலையில் செத்த குட்டியை அவர் அறுத்துப் பார்த்தார். சிறுகுடலில் ஒரு சாண் நீளத்தை இரண்டு முனையிலும் நூலால் இறுகக் கட்டி, வெட்டியெடுத்து, பனிக்கட்டி வைத்த பெட்டியில் போட்டு அன்றே ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பினார். பூச்சிமருந்து இருக்கிறதா என்று பார்க்க இரைப்பையிலிருந்தும் தனியாக மாதிரி எடுக்கப்பட்டது.

அந்தக் குடல் துண்டு ஆய்வுக்கூடத்துக்குப் போன பிறகு அங்கே என்ன செய்கிறார்கள்? கண்ணுக்குத் தெரியாத ஒரு கிருமியின் விஷம் ஆட்டின் உடலில் என்ன கெடுதல் செய்கிறது என்பதை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்? இதைத் தெரிந்துகொண்டால், தடுப்பூசி ஏன் போட வேண்டும், எப்போது போட வேண்டும் என்பது தானாகவே விளங்கிவிடும்.

கிருமி இருந்தால் மட்டும் போதாது

துள்ளுமாரி நோயை உண்டாக்குவது 'கிளாஸ்ட்ரிடியம் பெர்ஃப்ரிஞ்சன்ஸ்' என்னும் பாக்டீரியாவின் 'டி' வகை. மேற்கு ஆஸ்திரேலியாவில் ஆடுகள் திடீர் திடீரென்று செத்தபோது, பென்னட்ஸ் என்ற கால்நடை விஞ்ஞானி 1932-இல் இந்த நோயைப் பற்றி விரிவாக எழுதினார்.

இந்தக் கிருமி நல்ல ஆரோக்கியமான ஆட்டின் குடலிலும் கொஞ்சம் இருக்கும். அதனால் ஆட்டுக்கு ஒரு தீங்கும் இல்லை. செத்த ஆட்டின் குடலில் கிருமி இருக்கிறது என்று காட்டுவதால் மட்டும் எதுவும் நிரூபணம் ஆகாது. திருட்டு நடந்த தெருவில் குடியிருப்பவனையெல்லாம் திருடன் என்று பிடித்துக்கொண்டு போக முடியுமா? கையில் களவுப் பொருள் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இங்கே களவுப் பொருள் என்பது கிருமி கக்கும் நச்சு. 'எப்சிலான் நச்சு' என்பது அதன் பெயர். ஆய்வுக்கூடம் தேடுவது இந்த நச்சைத்தான்.

கிருமி வேறு, அதன் நச்சு வேறு என்பதை உலகுக்குக் காட்டியவர்கள் பாரிஸ் பாஸ்டர் நிலையத்தைச் சேர்ந்த ரூ, எர்சின் என்ற இருவர். 1888-இல் அவர்கள் டிப்தீரியா கிருமியை வளர்த்த திரவத்தைப் பீங்கான் வடிகட்டியில் வடிகட்டினார்கள். கிருமியெல்லாம் வடிகட்டியில் தங்கிவிட்டது. கீழே வந்த தெளிந்த நீரில் ஒரு கிருமிகூட இல்லை. ஆனாலும் அந்த நீரை ஊசியில் ஏற்றியதும் கினிப்பன்றிகள் அதே நோய் கண்டு செத்தன. கிருமி இல்லாமலே நோய் வந்தது என்றால், கொன்றது கிருமி கக்கிய விஷம் என்றுதானே பொருள்? இன்றும் ஆய்வுக்கூடத்தில் முதல் வேலை இதுதான். குடலில் இருந்ததை வேகமாகச் சுழலும் கருவியில் இட்டுச் சுற்றுவார்கள். கசடு அடியில் தங்கிவிடும். மேலே தெளிந்து நிற்கும் நீரை வடிகட்டி எடுத்துக்கொள்வார்கள்.

எலிச் சோதனை

பல காலமாக நடந்துவரும் முறை எலிச் சோதனை. வடிகட்டிய நீரைப் பல பங்காகப் பிரிப்பார்கள். ஒரு பங்கை அப்படியே வெள்ளெலிக்கு ஊசி போடுவார்கள். இன்னொரு பங்கைச் சூடாக்கிவிட்டுப் போடுவார்கள். சூட்டில் இந்த நச்சு கெட்டுவிடும் என்பதால் அந்த எலி பிழைக்க வேண்டும். மூன்றாவது பங்கோடு, எப்சிலான் நச்சை மட்டும் முறிக்கும் எதிர்நச்சு நீரைக் கலந்து போடுவார்கள். நான்காவது பங்கில் வேறு வகை நச்சை முறிக்கும் நீரைக் கலப்பார்கள்.

நம் வயலில் உரச் சோதனை செய்யும்போது உரம் இடாத பாத்தி ஒன்றை ஒப்பிட்டுப் பார்க்க விடுகிறோம் அல்லவா? அதே முறைதான் இதுவும். முதல் எலியும் நான்காவது எலியும் செத்து, இரண்டாவதும் மூன்றாவதும் பிழைத்திருந்தால் சந்தேகத்துக்கே இடமில்லை. கொன்றது எப்சிலான் நச்சுதான்.

இந்த நச்சின் வலிமை சாதாரணமானதல்ல. ஒரு கிராமைக் கோடி பங்காக்கி அதில் ஏறக்குறைய ஒரு பங்கை எடுத்தால், ஒரு கிலோ எடை என்ற கணக்கில் எலியைக் கொல்ல அதுவே போதும். இந்தக் குடும்பத்துக் கிருமிகளின் நச்சுகளில், உணவை நஞ்சாக்கும் பாட்டுலினம் நச்சுக்கும் இரண ஜன்னி நச்சுக்கும் அடுத்த இடம் இதற்குத்தான்.

செரிமான நீர் செய்யும் துரோகம்

சோதனை செய்தவர்கள் இன்னொரு விந்தையையும் கண்டார்கள். கிருமி முதலில் கக்கும் பொருளுக்கு அவ்வளவு வலிமை இல்லை. அது உறையில் இட்ட கத்தி போன்றது. அதோடு 'டிரிப்சின்' என்னும் செரிமானப் பொருளைச் சேர்த்ததும் அதன் இரு முனைகளிலும் சிறு சிறு துண்டுகள் வெட்டுப்படுகின்றன. உறை கழன்று கத்தி வெளியே வருகிறது. வலிமை பல மடங்கு கூடிவிடுகிறது. ஆகவே ஆய்வுக்கூடத்தில் மாதிரியை டிரிப்சின் சேர்த்து ஒரு முறையும், சேர்க்காமல் ஒரு முறையும் சோதிப்பார்கள்.

இந்த டிரிப்சின் வேறு எங்கிருந்தும் வருவதில்லை. ஆட்டின் கணையத்திலிருந்து குடலுக்குள் தானாகச் சுரப்பதுதான். தன் தீனியைச் செரிக்கச் சுரக்கும் நீரே ஆட்டுக்கு எமனாகிறது.

இதே கிருமியின் 'சி' வகை உண்டாக்கும் 'பீட்டா' நச்சின் கதை நேர்மாறானது. அதை டிரிப்சின் அழித்துவிடும். பிறந்த சில நாட்களே ஆன குட்டியின் குடலில் டிரிப்சின் குறைவு. சீம்பாலில் வேறு டிரிப்சினை அடக்கும் பொருள் இருக்கிறது. அதனால் 'சி' வகை பச்சிளங்குட்டிகளைக் கொல்கிறது. 'டி' வகையோ வளர்ந்து கொழுக்கும் குட்டிகளைக் கொல்கிறது. எந்த வயதில் குட்டி செத்தது என்று மருத்துவர் முதலில் கேட்பதற்குக் காரணம் இப்போது புரியும்.

தட்டில் வளரும் உயிரணுக்கள்

எலி செத்தது என்பதிலிருந்து நச்சு இருக்கிறது என்று தெரிகிறது. ஆனால் அது எப்படிக் கொல்கிறது என்று தெரிவதில்லை. அதற்கு உடலின் உயிரணுக்களைத் தனியே எடுத்து வளர்த்துப் பார்க்க வேண்டும். உயிரணு என்பது உடலின் மிகச் சிறிய கூறு. வீட்டுக்குச் செங்கல் எப்படியோ உடலுக்கு உயிரணு அப்படி.

1958-இல் மேடின், டார்பி என்ற இரு அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் ஒரு நாயின் சிறுநீரகத்திலிருந்து உயிரணுக்களை எடுத்துக் கண்ணாடிக் கலத்தில் வளர்த்தார்கள். அவற்றின் வழிவந்த உயிரணுக்கள் இன்றும் உலகெங்கும் ஆய்வுக்கூடங்களில் வளர்ந்து வருகின்றன. 'எம்.டி.சி.கே.' என்று அவற்றைச் சொல்வார்கள். நாம் விதையைப் பெருக்கி அடுத்த போகத்துக்கு எடுத்து வைப்பது போல, இவற்றையும் பிரித்துப் பிரித்து நட்டு வளர்க்கிறார்கள். இந்த உயிரணுக்களுக்கு எப்சிலான் நச்சு ஆகவே ஆகாது. வேறு பல வகை உயிரணுக்களை இது ஒன்றும் செய்வதில்லை. ஆகவே நச்சைப் பிடிக்க இவை நல்ல பொறியாக அமைந்தன.

உள்ளங்கை அகலமுள்ள பிளாஸ்டிக் தட்டு ஒன்றில் 96 சிறு குழிகள் இருக்கும். நாற்றங்கால் தட்டின் சிறிய வடிவம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு குழியிலும் சத்து நீரை ஊற்றி உயிரணுக்களை விதைத்து, 37 டிகிரி செல்சியஸ் வெப்பமும் சிறிது கரியமில வாயுவும் உள்ள பெட்டிக்குள் வைப்பார்கள். அவை பெருகிக் குழியின் அடியில் பாய் விரித்தாற்போல் படர்ந்துவிடும். பிறகு குடலிலிருந்து வடித்த நீரை முதல் குழியில் விடுவார்கள். அடுத்ததில் அதில் பாதி, அதற்கடுத்ததில் பாதியில் பாதி என்று நீர்க்கச் செய்து வரிசையாக விட்டுக்கொண்டே போவார்கள். இங்கும் ஒப்பிட்டுப் பார்க்கச் சில குழிகளில் நச்சு விடாமல் வைப்பார்கள். சிலவற்றில் எதிர்நச்சு கலந்து விடுவார்கள்.

நுண்ணோக்கியில் பார்த்தால் நச்சு விட்ட குழியில் உயிரணுக்கள் ஊதிப் பருத்து, உருண்டு, பாயிலிருந்து பிய்ந்து மிதப்பது தெரியும். எத்தனை செத்தன என்று எண்ண ஒரு சுலபமான வழி உண்டு. 1983-இல் வெளியான முறை அது. 'எம்.டி.டி.' என்னும் மஞ்சள் நிறச் சாயத்தைக் குழிகளில் விடுவார்கள். உயிருள்ள அணு அதை ஊதா நிறமாக மாற்றிவிடும். செத்த அணுவால் மாற்ற முடியாது. ஊதா நன்றாக ஏறிய குழியில் உயிர் இருக்கிறது. வெளிறிக் கிடக்கும் குழியில் சாவு. எந்த அளவு நீர்க்கச் செய்தபோது பாதி உயிரணுக்கள் செத்தன என்பதைக் கருவி அளந்து சொல்லிவிடும். அதிலிருந்து குடலில் எவ்வளவு நச்சு இருந்தது என்று கணக்கிடலாம்.

வரப்பில் விழுந்த நண்டு வளை

நச்சு எப்படிக் கொல்கிறது என்பதையும் இந்த உயிரணுக்களே காட்டிக்கொடுத்தன.

ஒவ்வொரு உயிரணுவையும் சுற்றி மெல்லிய சவ்வு ஒன்று உண்டு. வயலுக்கு வரப்பு எப்படியோ, உயிரணுவுக்குச் சவ்வு அப்படி. நீங்கள் உரமாக இடும் சாம்பல் சத்து, அதாவது பொட்டாசியம், உயிரணுவுக்குள் அதிகம். உப்பில் உள்ள சோடியம் வெளியே அதிகம். இந்த ஏற்றத்தாழ்வைச் சவ்வு காத்து நிற்கும்வரைதான் உயிரணுவுக்கு உயிர்.

உறை கழன்ற எப்சிலான் நச்சின் துகள்கள் சவ்வின்மேல் ஒட்டுகின்றன. ஏழு துகள்கள் வளையமாகச் சேர்கின்றன. சேர்ந்ததும் சவ்வைத் துளைத்துக்கொண்டு ஒரு மடைக்குழாய் போல இறங்கிவிடுகின்றன. வரப்பில் நண்டு வளை விழுந்தால் என்ன ஆகும்? உள்ளே இருக்கும் பொட்டாசியம் வெளியே ஓடுகிறது. வெளியே இருக்கும் சோடியமும் நீரும் உள்ளே பாய்கின்றன. உயிரணு ஊதி, வலுவிழந்து செத்துவிடுகிறது. துளை விழுந்ததைக் கண்ணாலேயே பார்க்கவும் வழி உண்டு. நல்ல சவ்வைத் தாண்ட முடியாத சிவப்புச் சாயம் ஒன்றை விடுவார்கள். துளை விழுந்த உயிரணு மட்டும் உள்ளே சிவந்து ஒளிரும்.

சில உயிரணுக்களை மட்டும் நச்சு ஏன் பிடிக்கிறது என்பதற்கு 2015-இல் ஒரு விடை கிடைத்தது. 'மால்' என்னும் புரதம் சவ்வில் உள்ள உயிரணுக்களைத்தான் அது தாக்குகிறது என்று அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் கண்டார்கள். நச்சுக்கு அசையாத உயிரணுக்களில் அந்தப் புரதத்தை உண்டாக்கியதும் அவை சாகத் தொடங்கின. அந்தப் புரதமே இல்லாமல் பிறக்கும்படி செய்த எலிகளோ நச்சு ஏறியும் பிழைத்துக்கொண்டன.

ஆட்டின் உடலில் நடப்பதும் இதுதான். நச்சு குடலிலிருந்து இரத்தத்தில் கலந்து சிறுநீரகத்துக்கும் மூளைக்கும் போகிறது. மூளையின் நுண்ணிய இரத்தக் குழாய்கள் கசிந்து மூளை நீர்கோத்து வீங்குகிறது. அதனால்தான் ஆடு துள்ளி விழுகிறது. தலை பின்னுக்கு வளைகிறது. பல்லைக் கடித்து, கால்களை உதைத்து, சில மணி நேரத்தில் உயிரை விடுகிறது. பல சமயம் இந்த அறிகுறிகளைக் காணவும் நமக்கு நேரம் கிடைப்பதில்லை. வெள்ளாட்டில் பெரும்பாலும் கடுமையான கழிச்சல் காணும்.

உறை கழன்ற நச்சு துளைகளைப் போட்ட பிறகு கிருமியைக் கொல்லும் மருந்து கொடுத்து என்ன பயன்? நெருப்பு வைத்தவனைப் பிடித்துவிடலாம். எரிந்த கூரை திரும்ப வராது. இந்த நோயில் சிகிச்சை பெரும்பாலும் கைகொடுக்காததற்குக் காரணம் இதுவே.

தடுப்பூசி பிறந்த கதை

விஷத்தைக் கொண்டே விஷத்தை வெல்லலாம் என்பதும் ஆய்வுக்கூடம் தந்த பாடம்தான். 1890-இல் பெரிங், கிட்டசாட்டோ என்ற இருவர், நச்சைச் சிறுகச் சிறுக ஏற்றிய பிராணியின் இரத்த நீரில் அந்த நச்சை முறிக்கும் பொருள் உண்டாவதைக் கண்டார்கள். பிரான்ஸ் நாட்டு கால்நடை மருத்துவரான ராமோன் 1920-களில், நச்சோடு ஃபார்மலின் சேர்த்து மிதமான சூட்டில் வைத்தால் அதன் கொல்லும் குணம் போய்விடுகிறது, எதிர்ப்புச் சக்தியைத் தூண்டும் குணம் மட்டும் நிற்கிறது என்று காட்டினார். பல் பிடுங்கிய பாம்பைப் போன்றது அது. துள்ளுமாரித் தடுப்பூசியில் இருப்பது இந்தப் பல் பிடுங்கிய நச்சுதான். நம் மாநிலத்தில் இராணிப்பேட்டையில் 1932 முதல் இயங்கிவரும் கால்நடை நோய்த் தடுப்பு மருந்து நிலையம் இத்தகைய தடுப்பூசிகளைத் தயாரித்துவருகிறது.

தயாரித்த ஊசி மருந்து வேலை செய்யுமா என்று பார்க்க, முயல்களுக்கு அதைப் போட்டு, அவற்றின் இரத்த நீர் எவ்வளவு நச்சை முறிக்கிறது என்று அளப்பார்கள். கடைசிக் கட்டத்தில் எலிகளைச் சாகக் கொடுத்து அளந்த இந்த வேலையை, முன்பு சொன்ன 96 குழித் தட்டிலும் செய்யலாம். இரண்டு முறைகளின் முடிவும் பெரிதும் ஒத்துப்போவதாக ஆய்வுகள் காட்டியுள்ளன.

நாம் செய்ய வேண்டியவை

1. மழைக்காலம் தொடங்குவதற்கு முன்பே மந்தை முழுவதற்கும் தடுப்பூசி போட்டுவிட வேண்டும். முதல் முறை போடும் ஆடுகளுக்கு மூன்று நான்கு வாரம் கழித்து இரண்டாவது ஊசி கட்டாயம். முதல் ஊசி உடலுக்கு எதிரியை அடையாளம் காட்டும். இரண்டாவதுதான் படையைப் பெருக்கும். பிறகு ஆண்டுக்கு ஒரு முறை போட வேண்டும். வெள்ளாடுகளில் எதிர்ப்புச் சக்தி விரைவில் குறைவதால் மருத்துவரின் யோசனைப்படி ஆறு மாதத்துக்கு ஒரு முறை போடலாம்.

2. சினை ஆட்டுக்குக் குட்டி போடுவதற்கு நான்கு முதல் ஆறு வாரம் முன்பு ஊசி போட்டால், சீம்பால் வழியாகக் குட்டிக்குப் பாதுகாப்பு கிடைக்கும். பிறந்தவுடன் குட்டி சீம்பால் குடிக்க வேண்டும். அந்தப் பாதுகாப்பு குறையத் தொடங்கும் மூன்றாவது மாதத்தில் குட்டிக்கும் ஊசி போட வேண்டும்.

3. ஊசி மருந்தைக் குளிர்ச்சியிலேயே வைத்திருக்க வேண்டும். ஆனால் உறைய விடக் கூடாது. உறைந்துபோன மருந்து வீண்.

4. தீவனத்தைத் திடீரென்று மாற்றக் கூடாது. செரிக்காத மாவுச் சத்து சிறுகுடலுக்கு அளவுக்கு மீறி இறங்கினால், அங்கே இருக்கும் கிருமி ஒன்று நூறாய்ப் பெருகிவிடும். அறுவடை முடிந்த காட்டில் சிந்திய கம்பு, சோளக் கதிர்களிலோ, மழைக்குப் பின் துளிர்த்த இளம்புல்லிலோ ஆட்டை விடுவதற்கு முன், காய்ந்த தட்டையைக் கொஞ்சம் தின்னவிட்டு அனுப்புங்கள். முதல் சில நாள் சிறிது நேரமே மேயவிட்டு, பத்துப் பதினைந்து நாளில் பழக்குங்கள். கல்யாண வீட்டில் மிஞ்சிய சோற்றை ஆட்டுக்குக் கொட்டுவதை அடியோடு விட்டுவிடுங்கள்.

5. குடற்புழு நீக்க மருந்தைக் காலம் தவறாமல் கொடுங்கள்.

6. ஆடு திடீரென்று செத்தால் நீங்களே அறுக்காதீர்கள். அடைப்பான் நோயாகவும் இருக்கலாம். மூக்கு, வாய், ஆசனவாயில் உறையாத இரத்தம் கசிந்தால் அருகிலேயே போகாதீர்கள். அந்த நோய் மனிதனையும் தாக்கும். கால்நடை மருத்துவருக்கு உடனே சொல்லி அனுப்புங்கள். நேரம் போகப் போகக் குடலிலுள்ள நச்சு சிதைந்துவிடும். செத்த ஆட்டின் சிறுநீரகம் எப்படியும் சில மணி நேரத்தில் குழைந்துவிடும் என்பதால் அதை மட்டும் வைத்து முடிவு சொல்ல முடியாது. செத்த ஆட்டைத் தின்னவோ விற்கவோ கூடாது. ஆழக் குழி தோண்டிச் சுண்ணாம்பு தூவிப் புதைக்க வேண்டும்.

ஐந்து குட்டிகளும் ஒரு வழக்கும்

அந்த ஊர்ப் பெரியவரின் குட்டிகள் பற்றிய முடிவு சில நாளில் வந்தது. பூச்சிமருந்து இல்லை. குடலில் எப்சிலான் நச்சு இருந்தது. நானும் மருத்துவரும் போய் இரண்டு பேரையும் ஒரே திண்ணையில் உட்காரவைத்துப் படித்துச் சொன்னோம்.

பக்கத்துக் காட்டுக்காரர் கண்கலங்கிவிட்டார். ஊரில் பத்து நாளாக அவரை யாரும் முகம் கொடுத்துப் பார்க்கவில்லையாம். பெரியவர் வெகுநேரம் தலையைக் குனிந்திருந்துவிட்டுக் கேட்டார்: "அப்ப அந்தக் கம்புக் கொல்லைக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லையா?"

"இருக்கிறது பெரியவரே. உங்கள் குட்டிகளில் கொழுத்தவை மற்றதை முட்டித் தள்ளிவிட்டுக் கதிரை வயிறு முட்டத் தின்றன. அதுதான் கிருமிக்கு விருந்தாகிவிட்டது. தப்பு காட்டுக்காரர்மேல் இல்லை" என்றார் மருத்துவர்.

மழைக்கு முன் ஊசி போட வந்தவர்களை, "நல்லா இருக்கிற ஆட்டுக்கு எதுக்கு ஊசி?" என்று திருப்பியனுப்பியதும் அவர்தான். அதை நாங்கள் யாரும் சொல்லவில்லை. அவரே சொன்னார். மறு ஆண்டு முகாமில் அவருடைய மந்தைதான் முதலில் நின்றது. அதை ஓட்டிவர உதவியவர் அந்தப் பக்கத்துக் காட்டுக்காரர்.

விவசாய அன்பர்களே, நல்லா இருக்கிற ஆட்டுக்குத்தான் ஊசி தேவை. கொழுத்த குட்டியைத்தான் இந்த நோய் தேடி வருகிறது. அடுத்த மழைக்கு முன் உங்கள் பகுதிக் கால்நடை மருந்தகத்தை அணுகி, மந்தை முழுவதற்கும் தடுப்பூசி போட்டுக்கொண்டு பயனடையுங்கள்.